நாய்க்குப் போட்ட ஈரல்

எனக்கு வலித்ததே இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கல்லீரலில் சின்னத் தேங்காய் அளவுக்கு ஒன்று வளர்ந்து கிடந்திருக்கிறது, பத்துப் பதினைந்து வருசமாவது இருக்கும் என்கிறார்கள், உனக்குத் தெரியவே இல்லையா என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களின் பார்வையிலேயே ‘இவள் சுத்த மந்தம்’ என்ற தீர்ப்பு எழுதியிருக்கும். நான் மந்தம் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். அரிசியில் ஒரு வண்டு ஓடினால் எனக்குத் தெரிந்துவிடும். சாப்பிட உட்காரும் பிள்ளைகளின் நகத்தைப் பார்த்து, அழுக்கு இருந்தால் எழுப்பிவிட்டுக் கை கழுவி வரச் சொல்கிறவள். அப்படிப்பட்டவள் வயிற்றுக்குள்தான் அது இருந்தது.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் ஊரிலேயே கறிக்கடை வைத்திருக்கிறார். ஞாயிறும் புதனும் ஆடு அறுப்பார். மற்ற நாட்களில் ஆடு பிடிக்கச் சுற்றுப்பட்டிகளுக்குப் போவார். எங்களுக்கு ஒரே மகள், தாரணி. ஆறாவது படிக்கிறாள். வீட்டில் மணி என்று ஒரு நாய் உண்டு. அதற்கு முன்னால் இன்னொரு நாய் இருந்தது. அதற்கும் மணி என்றுதான் பெயர்.

இரண்டு வருசமாகவே சாப்பாடு இறங்கவில்லை. நாலு வாய் தின்றால் எட்டு வாய் தின்றதுபோல் நெஞ்சு வரைக்கும் முட்டும். எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன வந்தாலும் அது முதலில் கேஸ்தான். எனக்கும் கேஸ்தான் என்றார்கள். ஓமத் தண்ணீர் குடித்தேன், சோடா குடித்தேன், அல்சர் என்று ஒரு கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினேன். இடையிடையே உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக அரிக்கும். கத்தரிக்காய் சேரவில்லை என்று ஒருத்தி சொன்னாள். இரண்டு வருசம் கத்தரிக்காயைத் தொடவில்லை. பாவம், அது ஒரு பாவமும் அறியாதது.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் சாம்பார் அண்டாவை இறக்க ஒரு கை கொடுத்தபோது, வலது விலாவுக்குக் கீழே ஏதோ இடம் மாறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். மேடாக இருந்தது. அப்போதும் வலிக்கவில்லை. மறுநாள் அருப்புக்கோட்டைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றில் களிம்பைத் தடவிக் கருவியை உருட்டிக்கொண்டே டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் வந்ததும் பேச்சு நின்றது. “கூட யாரு வந்திருக்கா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு அவரிடம்தான் சொன்னார். “ஈரல்ல நீர்க்கட்டி இருக்கு. பெருசு. என்னன்னு பாக்கலாம்னு யாராவது ஊசி போட்டு உறிஞ்ச வந்தா விடாதீங்க. நேரா மதுரைக்குப் போங்க.”

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை. சி.டி. ஸ்கேன் என்றால் பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து உடம்பைத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பது. அதற்கு முன் கையில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது ஏறும்போது உள்ளங்கால் வரைக்கும் சூடு பரவும். படுத்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டோமோ என்று வெட்கப்பட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

முடிவு வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் நான் புற்றுநோய்க்காரியாகவே இருந்தேன். தாரணி இன்னும் பெரிய மனுசி ஆகவில்லை. நான் போய்விட்டால் அவளுக்கு அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றுவது யார், அவளை விட்டுவிட்டு இவர் ஆடு பிடிக்கப் போவது எப்படி என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. என் நாத்தனார் பேச்சி, வீட்டுக்காரரின் தங்கை, அருப்புக்கோட்டையில் மில் வேலைக்குப் போகிறவள். அவள் லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். “மதினி, நீங்க ஒங்க ஒடம்பப் பாருங்க. பிள்ளைய நான் பாத்துக்கிருவேன்” என்றாள். அதுவரைக்கும் எனக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டு உறவு கிடையாது. ஆபத்துக்கு வந்து நின்றவள் அவள்தான்.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர். படத்தை விளக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு முதலில் என்னிடம் கேட்டது இதுதான்:

“வீட்டுல நாய் வளக்குறீங்களா?”

“ஒன்னு இருக்கு டாக்டர்.”

“ஆடு?”

“இவுக கறிக்கடை வச்சிருக்காக” என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். “ஆடு அறுக்கும்போது ஈரல்ல, நுரையீரல்ல தண்ணி நிறைஞ்ச பை மாதிரி பாத்திருக்கீங்களா?”

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த விசயத்தை முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். “பாத்திருக்கேன் டாக்டர். வயசான ஆட்டுல வரும். ஆனா அத நான் யாவாரத்துல சேத்ததே இல்ல. பைய மட்டும் கிள்ளி எறிஞ்சிட்டு மிச்சத்தத் தராசுல போடுறவுக இருக்காக. நான் அந்த ஈரலு முழுசையும் ஒதுக்கிருவேன். காசு குடுத்து வாங்குறவன் பிள்ளைகுட்டிக்காரன், நம்பி வாரான்ல.”

“ஒதுக்கி என்ன செய்வீங்க?”

“நாய்க்குப் போட்டுருவேன்.”

டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தப் பைக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. அதை நாய் தின்றால் நாயின் குடலில் அரிசியளவுப் புழுவாக வளரும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் நாயின் கழிவோடு வெளியே வந்து, மண்ணிலும் அதன் ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும். நாயைத் தடவிய கையோடு ஏதாவது தின்றால் அந்த முட்டை வயிற்றுக்குள் போய், குடலைத் துளைத்து, ரத்தத்தோடு ஈரலுக்கு வந்து சேரும். ஆட்டுக்குள் எப்படிப் பை கட்டுமோ அப்படியே மனிதருக்குள்ளும் கட்டும்.

“அப்ப, அந்த ஈரல நான் வித்திருந்தா?” என்று அவர் கேட்டார்.

“சமைச்சுத் தின்ன ஆளுக்கு இதுல ஒன்னும் வந்திருக்காதுங்க. நாய் தின்னாத்தான் இது அடுத்த படிக்குப் போகும். அத ஆழமாப் புதைச்சிருக்கணும், இல்ல எரிச்சிருக்கணும்.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். எங்கள் கடைக்கு ஊரில் ஒரு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயர் அந்த ஒதுக்கிய ஈரலால் வந்த பெயர். ‘எங்க வீட்டுக்காரர் சொத்தை ஈரலை வித்ததில்லை’ என்று பள்ளிக்கூடச் சமையலறையில் நானே எத்தனை தடவை பீற்றியிருப்பேன். யாரை நோவது?

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டுவிட்டேன். “பதினஞ்சு வருசமா என் ஒடம்பு என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு டாக்டர்? ஒரு முள்ளு குத்துனாலே சீழ் பிடிச்சு வெளிய தள்ளிருதே.”

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருக்க வேண்டும். ரத்தச் சீட்டின் பின்பக்கம் வட்டம் வட்டமாகப் போட்டுச் சொன்னார். நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் என்று காவல் வேலை பார்க்கிறவை இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, வேற்று ஆள் யாராவது உள்ளே வந்தால் முதலில் தடவிப் பார்த்து மற்ற அணுக்களுக்குத் தகவல் சொல்லும். தகவல் கிடைத்ததும் இன்னொரு வகை படை திரட்டிக்கொண்டு போய் அடிக்கும். இந்தப் புழு என்ன செய்கிறது என்றால், முதலில் தன்னைச் சுற்றித் தடிமனான ஒரு சுவர் கட்டிக்கொள்கிறது. பிறகு உள்ளிருந்து சில பொருட்களைக் கசியவிடுகிறது. அது பட்டதும் தகவல் சொல்லும் அணு மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது: பயப்பட ஒன்றும் இல்லை, நம்மாள்தான்.

அதோடு நிற்கவில்லை. சண்டை முடிந்ததும் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லி அடக்குகிற அணுக்களும் நம் உடம்பில் உண்டாம். அவை இல்லாவிட்டால் உடம்பு தன்னையே அடித்துக்கொண்டு செத்துப்போகும். புழு அந்தச் சமாதானக்காரர்களைப் பெருகவைத்துத் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்கிறது. சண்டை தொடங்குவதற்கு முன்பே சமாதானம். “காவக்காரனுக்குத் தினமும் டீ வாங்கிக் குடுத்துப் பழக்கி வச்சிருக்கிற திருடன் மாதிரிங்க. அதான் உங்களுக்கு வலியும் இல்ல, காய்ச்சலும் இல்ல” என்றார் டாக்டர். அவ்வப்போது வந்த அரிப்பு, பையிலிருந்து துளித் துளியாகக் கசிந்ததற்கு உடம்பு போட்ட சின்னச் சத்தமாக இருக்கலாமாம்.

ஆபத்து வேறு மாதிரி இருந்தது. இத்தனை வருசம் சும்மா இருந்த உடம்பு, பை உடைந்து உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தமாகக் கொட்டினால், ஒரேயடியாக வெறி பிடித்ததுபோல் எழும். மூச்சுக்குழல் அடைத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சில நிமிடங்களில் ஆள் போய்விடலாம். தப்பித்தாலும், சிந்தின தண்ணீரில் உள்ள ஒவ்வொரு குஞ்சும் வயிறு முழுக்கப் புதுப் பை கட்டும். அதனால்தான் ஊசி போட விடாதே என்று அந்த ஸ்கேன் டாக்டர் சொல்லியிருக்கிறார். கேட்டதிலிருந்து பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால்கூட இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

ஆபரேசனுக்கு முன் சில வாரமும் பின் சில மாதமும் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். அல்பெண்டசோல். அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில், என் கையால் பிள்ளைகள் வாயில் போடுகிற அதே மருந்து. குடலில் இருக்கும் புழுவுக்கு ஒன்று போதும், ஈரலில் சுவர் கட்டி உட்கார்ந்ததற்கு மாதக்கணக்கில் வேண்டும். கொழுப்போடு சாப்பிட்டால்தான் உடம்பில் ஏறும் என்றார்கள். பேச்சி ஒவ்வொரு வேளையும் சோற்றில் நெய்யைக் குளமாகக் கட்டினாள். நெய் வாசம் பிடிக்காத ஆள் அவள், மூக்கைச் சுளித்துக்கொண்டே ஊற்றுவாள்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்த நோய் என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது. ஆனால் எனக்கு எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து வீட்டில் மற்றவர்களுக்கும் வந்திருக்கலாம். எல்லாரும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் மறுநாளே போய் எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. தன் வயிற்றிலும் ஒன்று இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தாரணியை மட்டும் அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவள் நடை பழகியதே அப்போதிருந்த மணியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான். பிஸ்கட்டைப் பாதி கடித்து மீதியை அதன் வாயில் வைப்பாள், அது நக்கிய விரலைச் சூப்புவாள். நகம் பார்க்கிற அம்மா பள்ளிக்கூடத்தில் இருந்தாள், வீட்டில் இல்லை. நான் கேட்கும்போதெல்லாம் அவர் ஏதாவது ஒன்று சொன்னார். பரீட்சை என்றார், சளி பிடித்திருக்கிறது என்றார், கடைசியில், “மொதல்ல ஒனக்கு முடியட்டும் வசந்தா” என்றார்.

“பாத்தாத்தான் இருக்கும்னு நெனைக்கிறீகளா?” என்று கேட்டேன்.

“பிள்ள நல்லாத்தான ஓடியாடுறா. வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்காளா?”

“நான் சொன்னனா?”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். அவரைத் திட்டினேனே தவிர, பேச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிப் போயிருப்பாள். நான் சொல்லவில்லை. அவர் தள்ளிப்போடுவது எனக்கும் வசதியாக இருந்தது.

ஆபரேசனுக்கு ஒரு நாள் முன்னால் வார்டில் சேர்த்தார்கள். காலையில் தியேட்டருக்குப் போகும் பெண்கள் எல்லாரும் தலையை இரட்டைச் சடையாகப் பின்னிக்கொள்ள வேண்டும் என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போனார். கையில் ஊசி செருகியிருந்ததால் என்னால் பின்ன முடியவில்லை. பேச்சி ஏறிய பஸ்ஸு இன்னும் வந்து சேரவில்லை. என் வீட்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார். ஆண்களை உள்ளே நிற்க விடாத வார்டு அது. பிறகு சீப்பை எடுத்தார். கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் அவர் என் தலையைத் தொட்டுச் சீவியதில்லை. ஆட்டுக்குக் கயிறு திரிக்கிற பழக்கத்தில் இறுக்கி இறுக்கி முறுக்கினார். மண்டை வலித்தது. சொல்லவில்லை. பின்னி முடித்துவிட்டு, “ஆடு உரிக்கிற கைதான், பொறுத்துக்க” என்றார்.

பையைச் சுற்றி உப்புத் தண்ணீரில் நனைத்த துணிகளை அடைத்து வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் உறிஞ்சி எடுத்தார்களாம். எனக்கு ஒன்றும் தெரியாது. விழித்தபோது வாய் காய்ந்திருந்தது, விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக வலித்தது. அப்படி ஒரு வலி. குழாயில் பச்சையும் மஞ்சளுமாகப் பித்தநீர் வந்துகொண்டே இருந்ததால், பத்து நாளில் அனுப்புகிறோம் என்றவர்கள் இருபத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். பேச்சி இரண்டு பஸ்ஸு மாறி ரசம் கொண்டு வருவாள். குழாய்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பதுதான் அவளுடைய முதல் வேலை. குறைந்திருந்தால் பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வருவாள்.

எடுத்ததை ஒரு தட்டில் வைத்து வெளியே நின்ற என் வீட்டுக்காரருக்குக் காட்டியிருக்கிறார்கள். பெரிய பைக்குள் திராட்சை திராட்சையாகச் சின்னப் பைகள். நான் கண் விழித்த அன்று அவர் அதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “ஆட்டுல வாரது மாதிரியேதான் இருக்கு.”

வீட்டுக்கு வந்தபோது மணியைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கால்நடை டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒதுக்கும் ஈரலை அதில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடுகிறார் என் வீட்டுக்காரர். பந்தல்குடி வரைக்கும் தெரிந்த கறிக்கடைக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள். “ஊருக்கெல்லாம் சொல்லுறீக, பெத்த பிள்ளைய எப்பக் கூட்டிப் போகப் போறீக?” என்றேன். அவர் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டிய நாள் வந்தது. அன்று காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற தாரணியைச் சீருடையோடு கையைப் பிடித்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏற்றினேன். அவர் பின்னாலேயே வந்து ஏறினார்.

எனக்குச் சுத்தமாக இருந்தது. அடுத்து அவள் படுத்தாள். களிம்பு சில்லென்று பட்டதும் நெளிந்து நெளிந்து சிரித்தாள். “ஆடாம இரு பாப்பா” என்றார் முன்பு எனக்குப் பார்த்த அதே ஸ்கேன் டாக்டர். எனக்கு அந்தத் திரையில் சாம்பலும் கறுப்பும் தவிர ஒன்றும் விளங்காது. நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்டார். “எத்தன டாக்டர்?”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். “உங்களுக்கு இது பாக்கத் தெரியுமா?”

“தெரியும்.”

“ரெண்டு. சின்னதுதான். மாத்திரையிலயே சுருங்க வாய்ப்பிருக்கு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க.”

தாரணி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். “என்னப்பா ரெண்டு?”

அவர் துண்டை எடுத்து அவள் வயிற்றில் இருந்த களிம்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்ததும் நான்தான் சொன்னேன்.

“அம்மாவுக்கு இருந்ததுதான்டா.”

அவள் சேலைக்கு மேலே என் வயிற்றைப் பார்த்தாள், வெட்டித் தைத்த இடத்தை.